ஆணித்தழும்பும் சாதிச் சான்றிதழும்: சேந்தமங்கலம் – நாமக்கல் பக்கத்து பாப்டிஸ்ட் சபைகளின் ஈஸ்டரை முன்வைத்து

கொல்லிமலை என்றதும் தமிழ் படித்தவனுக்கு வல்வில் ஓரி ஞாபகம் வருகிறான். ஆங்கிலம் வாசிக்கிற கிறிஸ்தவனுக்கு ‘கிரானி பிராண்ட்’ ஞாபகம் வருகிறார். அந்த மலையிலும், அதன் அடிவாரத்தில் சேந்தமங்கலம், நாமக்கல் பக்கத்துச் சமவெளியிலும் மூன்று நான்கு தலைமுறையாகச் சபையாக வாழ்ந்துவரும் சனங்கள் இந்த இருவருக்குமே ஞாபகம் வருவதில்லை. தமிழ்ப் புனைகதையும் இந்த மறதியில் பங்காளிதான். குமரி மாவட்டத்துப் புராட்டஸ்தாந்து வாழ்க்கைக்கு ‘புத்தம் வீடு’ 1964இலேயே வந்துவிட்டது. தென்மாவட்டக் கத்தோலிக்க தலித் வாழ்க்கைக்கு 1992இல் ‘கருக்கு’ வந்தது. கொங்குச் சமவெளியின் மரவள்ளிக் காட்டுக்கும் லாரிப் பட்டறைக்கும் நடுவே ஞாயிற்றுக்கிழமை வேதபுத்தகத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு அப்படி ஒரு பிரதி இன்னும் வாய்க்கவில்லை. வாய்த்திருப்பதெல்லாம் மிஷனரி வாழ்க்கை வரலாறுகள். எனவே இவர்களைப் பற்றிப் பேச அந்தப் பிரதிகளுக்குள் புகுந்து, அவை சொல்லாமல் விட்ட இடங்களில் நின்று வாசிப்பதைத் தவிர வழியில்லை.

டோரத்தி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் இந்தக் குடும்பத்தைப் பற்றி இரண்டு நூல்கள் எழுதினார். 1965இல் வந்தது மகன் பால் பிராண்டைப் பற்றியது, 1976இல் வந்தது தாய் எவலினைப் பற்றியது. கதைச்சுருக்கம் பலருக்குத் தெரிந்ததே. ஜெஸ்ஸி பிராண்ட் 1907இல் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனின் ஆளாக இந்தியா வந்தார். கட்டடத் தொழில் தெரிந்தவர், கொஞ்சம் மருத்துவமும் படித்தவர். 1913இல் எவலினை மணந்து கொல்லிமலை ஏறினார். அங்கே வாழ்கிறவர்கள் மலையாளிகள் எனப்படும் பழங்குடிகள் (கேரளத்து மலையாளிகள் அல்லர்). பல வருஷம் ஒருவர்கூட மதம் மாறவில்லை. ஜெஸ்ஸி 1929 ஜூனில் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். எவலின் 1947இல் மிஷனிலிருந்து ஓய்வு பெற்றார், ஆனால் ஊருக்குத் திரும்பவில்லை. ஓய்வு பெறும் வயதுக்குப் பிறகுதான் மிச்சமிருந்த மலைகளுக்குத் தனியாளாகப் புறப்பட்டார். 1974இல், 95ஆம் வயதில் இறந்து, வாழவந்தியில் கணவனின் கல்லறைக்குப் பக்கத்தில் புதைக்கப்பட்டார்.

இந்த வாழ்க்கையின் உறுதியை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது, நானும் சொல்லப்போவதில்லை. என் பிரச்சினை கதையாடலின் அமைப்பு பற்றியது. இந்த நூல்களில் வெள்ளைக்காரர்களுக்குத்தான் அகம் உண்டு. தயக்கம், தனிமை, செபத்தில் கேட்கிற கேள்வி எல்லாம் அவர்களுடையவை. மலையாட்களுக்கு நோயும் நன்றியும் உண்டு. சபை என்பது கதையின் முடிவில் ‘விளைவாக’ வந்து நிற்கிறது.

ஒரு உதாரணம் போதும். ஜெஸ்ஸியைக் கடுமையாக எதிர்த்துவந்த பூசாரி ஒருவர் காய்ச்சலில் விழுகிறார். யாரும் வீட்டுக்குள் போகத் துணியாதபோது ஜெஸ்ஸி போகிறார். சாகும் தறுவாயில் பூசாரி தன் குழந்தையை அவர் கையில் ஒப்படைக்கிறார். ரூத் என்று பேர் வைத்து அந்தப் பெண்குழந்தையை வளர்க்கிறார்கள். அதற்குப் பிறகே மலை மெல்லத் திரும்புகிறது. மிஷன் மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை இது. எல்லோரும் ஜெஸ்ஸியின் கருணையையே வியக்கிறார்கள். தன் சாமியின் பேரால் விரட்டிக்கொண்டிருந்தவன் வீட்டில் தன் பிள்ளை வளரட்டும் என்று ஒரு மனிதன் எடுத்த முடிவு இருக்கிறதே, அதை யார் வியந்தார்கள்? மதமாற்றம் என்கிற சொல் அந்த முடிவைத் தொடக்கூட இல்லை. பாப்டிஸ்ட் இறையியலின் அடிப்படையே இதுதான்: அறிவு தெரிந்த ஒரு ஆள் சுயமாக எடுக்கிற முடிவு. குழந்தைக்குத் தண்ணீர் தெளிப்பதை அவர்கள் ஞானஸ்நானமாக ஏற்பதில்லை. ஆனால் தன் இறையியலின் மையத்தில் இருக்கிற இந்தச் சுயமுடிவை, சுதேசிகள் விஷயத்தில் மட்டும், மிஷனரியின் தியாகத்துக்குக் கிடைத்த பரிசாக இந்தப் பிரதிகள் மாற்றிவிடுகின்றன.

நரம்புச்சிலந்தியின் கதை எனக்கு இதைவிட முக்கியமானதாகப் படுகிறது. முழங்காலுக்குக் கீழே கொப்புளமாக வெடித்து, அதன் வழியே நூல்போலப் புழு வெளியே வருகிற நோய். இந்தியா இந்த நோயிலிருந்து விடுபட்டதாக 2000இல்தான் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அப்பா அந்தப் புழுவை ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி, அறுந்துவிடாமல், நாள்கணக்கில் இழுத்ததைப் பால் பிராண்ட் எழுதியிருக்கிறார். புழு வந்த வழியையும் எழுதியிருக்கிறார். படிக்கட்டுக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொள்கிறவரின் கால் புண்ணிலிருந்து புழுவின் குஞ்சுகள் நீரில் கலக்கின்றன, அதைக் குடிப்பவர் உடம்பில் அடுத்த வருஷம் புழு. எனவே ஜெஸ்ஸி மருந்தோடு நிற்கவில்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொன்னார், கிணற்றுக்குச் சுவர் எழுப்பி மேலிருந்து சேந்தும்படி செய்தார். ஒருவர் காலில் இருக்கிற புண் ஊர் முழுக்க நோயாகும் என்பதையும், புண்ணை ஆற்றக் கிணற்றை மாற்றவேண்டும் என்பதையும் அவர் புரிந்துகொண்டிருந்தார். ‘சேவை’ பற்றி சபைகள் இன்று பேசுகிற பேச்சில் இந்தக் கிணற்றுப் பகுதி உதிர்ந்துபோய், குச்சியில் புழு சுற்றுகிற பகுதி மட்டும் மிஞ்சியிருக்கிறது. மெடிக்கல் கேம்ப், இலவச நோட்டுப் புத்தகம், விதவைகளுக்குப் புடவை. எல்லாம் நல்லதுதான். கிணறு?

*

இனி ஈஸ்டருக்கு வருவோம். பியூரிட்டன் வழிவந்த பழைய பாப்டிஸ்டுகள் பண்டிகை நாட்காட்டியையே சந்தேகித்தவர்கள். ஒவ்வொரு ஞாயிறும் உயிர்த்தெழுதலின் நாள்தானே, தனியாக ஒரு நாள் எதற்கு என்பது அவர்கள் வாதம். நம் சனங்கள் அதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு பண்டிகையைக் கொண்டாடிவிட்டார்கள். பங்குனித் தேரும் மாரியம்மன் நோன்பும் நடக்கிற பருவத்தில் சும்மா இருக்க யாரால் முடியும்? பெரிய வெள்ளியன்று ஏழு வார்த்தைகள், ஞாயிறு கருக்கலில் ஆராதனை, புதுத்துணி, சபையாகச் சேர்ந்து சாப்பாடு. (கோடிக்கணக்கில் முட்டை ஏற்றுமதியாகிற நாமக்கல்லில் ஈஸ்டர் முட்டைக்குச் சாயம் பூச யாருக்கும் தோன்றியதில்லை. முட்டை இங்கே கோழிப்பண்ணைக் கூலி சம்பந்தப்பட்ட பொருள்.)

கருக்கல் ஆராதனைக்கு முதலில் வந்து சேர்கிறவர்கள் பெண்கள். சுவிசேஷக் கதையிலும் அப்படித்தான். கல்லறைக்கு முதலில் போனவர்கள் பெண்கள், அவர்கள் வந்து சொன்னதை வீண்பேச்சு என்று ஒதுக்கினவர்கள் சீஷர்கள். ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மரபில் போதகர் பதவி ஆண்களுக்கே. மலைமேல் இருபது முப்பது வருஷம் தனியாக ஓடியாடி வேலைசெய்த எவலின் பிராண்டும் அந்த மரபின் பெண்தான் என்பதை நினைத்துக்கொள்ளலாம். மேடை ஏற முடியாத பெண்கள்தான் சபையின் பொருளாதாரத்தைத் தாங்கி நிற்கிறார்கள். பிடி அரிசிக் காணிக்கை என்று ஒன்று உண்டு. உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போட்டுவைத்து ஞாயிறன்று கொண்டுவருவது. கூலிக்காரப் பெண் கையில் பணம் நிற்காது, அரிசி நிற்கும். இதைக் கண்டுபிடித்தவர் எந்த மிஷனரியும் இல்லை என்று பந்தயம் கட்டலாம்.

இந்த வேலைகளுக்கெல்லாம் சபை மொழியில் ‘ஊழியம்’ என்று பேர். தமிழ் படித்தவன் இந்தச் சொல்லிடம் கொஞ்சம் நின்றுதான் ஆகவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் கூலியில்லாமல் கீழ்ச்சாதிகளிடம் வாங்கிய கட்டாய வேலை. வேதாகம மொழிபெயர்ப்பு அந்தச் சொல்லை எடுத்து இறைப்பணிக்குப் போட்டது. அடிமை வேலையின் பேர் அங்கி போட்ட பதவியின் பேர் ஆயிற்று. இதைச் சொல்லின் விடுதலை என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. பதவியில் இருப்பவர் ‘ஊழியக்காரர்’ என்று சொல்லிக்கொள்ளும்போது அது பணிவு. ஆலயம் கூட்டுகிற பெண் செய்வது பழைய அர்த்தத்திலேயே ஊழியம், கூலியில்லாத வேலை. ஒரே சொல்லில் இரண்டு வர்க்கம் குடியிருக்கிறது.

*

ஈஸ்டரின் சாரம் பற்றி இந்த மண் தந்த ஆகச்சிறந்த பிரசங்கம் கொல்லிமலையில் வளர்ந்த பால் பிராண்டுடையது என்பது என் எண்ணம். 1914இல் பிறந்தவர். லண்டனில் அறுவைசிகிச்சை படித்து, 1940களின் பிற்பகுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு, உயிருள்ள தசைநாணை இடம்மாற்றி அசைவைத் திரும்பக் கொடுத்தார். விரல் அழுகிப்போவது கிருமியால் அல்ல, வலி தெரியாததால் என்று அவர் காட்டியது உலக மருத்துவத்துக்கே செய்தி. சுட்டாலும் தெரியாது, வெட்டினாலும் தெரியாது. ஆகவே கை தன்னைக் காத்துக்கொள்வதில்லை.

ஒருநாள் தொழுநோயாளிகள் கூடியிருந்த இடத்தில் பேசச் சொல்லுகிறார்கள். எல்லோரும் கைகளை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறார். கைகளைப் பற்றியே பேசுகிறார். குழந்தை இயேசுவின் கை, தச்சனின் காய்ப்புக் காய்ச்சிய கை, நோயாளியைத் தொட்ட கை. பிறகு ஆணி அடித்த கை. எலும்புக்கும் நரம்புக்கும் நடுவே இரும்பு இறங்கினால் அந்தக் கை மடங்கிச் சுருண்டுதான் போயிருக்கும், இதோ உங்கள் கைகளைப்போல என்கிறார் அறுவைமருத்துவர். கடைசியாக உயிர்த்தெழுந்த கை. மரணத்தை வென்ற உடம்பில் அந்தத் தழும்பு ஏன் அழியாமல் இருந்தது? தோமாவைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுகிற அளவுக்கு ஏன் வெளிச்சமாக இருந்தது? பேச்சு முடிந்ததும் மறைந்திருந்த கைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன, கூப்பின நிலையில், விரலில்லாமல், என்று அவர் பதிவு செய்திருக்கிறார்.

தமிழ் மரபுக்குப் புண் புதிதல்ல. மார்பில் பட்டால் விழுப்புண், முதுகில் பட்டால் வடக்கிருந்து சாகவேண்டிய அவமானம். குறளின் படைச்செருக்கு அதிகாரம் விழுப்புண் படாத நாளை நாளாகவே எண்ணாது. போரில் வாங்காத புண்ணுக்கு, பிறந்ததற்காகவே வாங்குகிற புண்ணுக்கு, இந்த மரபில் பேரே இல்லை. அதைப் பெருமையாகக் காட்டவும் முடியாது, வடக்கிருந்து கழிக்கவும் முடியாது. பால் பிராண்டின் பிரசங்கம் அந்தப் பேரில்லாத இடத்தில் போய் நிற்கிறது. உயிர்ப்பு தழும்பை அழிக்கவில்லை. தழும்போடு எழுந்ததுதான் உயிர்ப்பு.

இதை மனதில் வைத்துக்கொண்டு சமவெளிக்கு இறங்கினால், இதற்கு நேரெதிரான இறையியலை இந்திய அரசு கடைப்பிடிப்பதைப் பார்க்கலாம். 1950 ஆகஸ்ட் 10 தேதியிட்ட பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துவல்லாதவர் பட்டியல் சாதியாக மாட்டார் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. அதாவது, ஞானஸ்நானம் எடுத்த கணத்தில் சாதிப்புண் ஆறிப் புதுத்தோல் வந்துவிட்டது என்று அரசு நம்புகிறது. இத்தனை பெரிய அற்புதத்தை எந்த எழுப்புதல் கூட்டத்துப் பிரசங்கியாரும் உரிமை கொண்டாடியதில்லை!

சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்பவரின் வழக்கு இதில் முக்கியமானது. அவர் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர். பக்கத்தில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்த இந்துத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது, இவருக்கு இல்லை. 1985இல் உச்சநீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. மதம் மாறிய பிறகும் சாதி இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்றது. தோமாவும் ஆதாரம்தான் கேட்டான். ஆனால் கையை நீட்டியபோது தொட்டுப் பார்க்கச் சம்மதித்தான். தெருவோரம் உட்கார்ந்து செருப்புத் தைக்கிற அந்தக் கையைவிட வேறென்ன ஆதாரம் நீதிமன்றத்துக்கு வேண்டியிருந்தது? 2024 நவம்பரில் புதுச்சேரி செல்வராணி வழக்கில் அதே நீதிமன்றம் ஞானஸ்நானப் பதிவேட்டையும் சர்ச்சுக்குப் போகிற வழக்கத்தையும் சான்றாக எடுத்துக்கொண்டு, வேலைக்காக மட்டும் இந்து என்பது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது. நடுவே 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது. 2022இல் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது.

பழங்குடிகளுக்கு இந்த மத நிபந்தனை கிடையாது. மலைமேல் முழுக்கு எடுக்கிற மலையாளி, பட்டியல் பழங்குடியாகவே இருக்கிறார். கீழே முழுக்கு எடுக்கிற ஆதிதிராவிடரோ அருந்ததியரோ, தமிழ்நாட்டுக் கணக்கில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாறிவிடுகிறார். 2009இல் வந்த அருந்ததியர் மூன்று சத உள்ஒதுக்கீடும் அவருக்கு இல்லை. எழுபது கொண்டை ஊசி வளைவு, அவ்வளவுதான் தூரம். ஒரே மிஷனின் பிள்ளைகள், ஒரே பாட்டுப் புத்தகம், ஒரே ஈஸ்டர்.

*

இதில் பாப்டிஸ்ட் சபையின் தனிச் சிக்கல் எங்கே வருகிறது? ‘ஸ்டிரிக்ட்’ என்ற அடைமொழி ஒழுக்கக் கண்டிப்பைக் குறிப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது திருவிருந்து மேசையின் கண்டிப்பு. விசுவாசித்து முழுக்கு எடுத்தவருக்கே அப்பமும் ரசமும். சிசு ஞானஸ்நானம் கொடுக்கிற சபைகளில் இந்தச் சிக்கல் தொட்டிலிலேயே முடிந்துபோகிறது. தீர்மானித்தது பெற்றோர், பலன் பிள்ளைக்கு. பாப்டிஸ்ட் சபையில் பதினெட்டு இருபது வயது ஆள் தானே தீர்மானிக்கவேண்டும். சரியாக அந்த வயதில்தான் கல்லூரி அட்மிஷன் வருகிறது, வேலைக்கான பரீட்சை வருகிறது, சாதிச் சான்றிதழ் வருகிறது. முழுக்கு எடுத்தால் சான்றிதழ் போகிறது, எடுக்காவிட்டால் கிண்ணம் இல்லை.

எனவே இந்தச் சபைகளில் ஒரு மௌனமான வகுப்பு உருவாகியிருக்கிறது. அவர்களைச் ‘சபைக்கு வர்றவங்க’ என்பார்கள். ‘அங்கத்தினர்’ என்ற சொல் அவர்களுக்கு இல்லை. பாட்டு அத்தனையும் மனப்பாடம், வேதபாட வகுப்பு எடுப்பார்கள், ஈஸ்டர் சாப்பாட்டுக்கு விறகு பிளப்பார்கள், பந்தி பரிமாறுவார்கள். அப்பத் தட்டு வரும்போது மட்டும் தலையைக் குனிந்துகொள்வார்கள். கேட்டால், “இப்ப இல்லீங்க, பையன் வேலைக்குப் போவட்டும்” என்பார்கள். ஈஸ்டரையொட்டி முழுக்கு கொடுக்கிற வழக்கம் பல சபைகளில் இருப்பதால், வருஷா வருஷம் இந்தக் கேள்வி அவர்கள்முன் வந்து நிற்கிறது. மேடையிலிருந்து பேதுரு மறுதலித்த கதை பிரசங்கிக்கப்படும்போது அது யாருக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். ‘உலகத்தான்’, ‘வெதுவெதுப்பானவன்’ என்றெல்லாம் வேதபாஷையில் திட்டுகள் தயாராக உண்டு. போதகர்கள் பலருக்கு உண்மை நிலை தெரியும். தனியாகப் பேசினால் ஒத்துக்கொள்வார்கள். மேடை ஏறினால் வேறு ஆள்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. தலைமுறை தலைமுறையாகப் பறிக்கப்பட்டதில் ஒரு துண்டைத் திரும்ப வாங்கித்தரும் காகிதத்தைப் பிள்ளைக்காகப் பத்திரமாக வைத்திருப்பவனை விசுவாசக் குறைவுள்ளவன் என்கிறோம். அந்தக் காகிதம் அவன் கையிலுள்ள ஆணித்தழும்பின் அரசாங்கப் படி. அதை மறைத்துவிட்டு மேசைக்கு வா என்று சபை கேட்கிறது. மேசைக்குப் போனவனுக்குத் தழும்பே இல்லை என்று அரசு சொல்கிறது. ‘கிறிஸ்துவுக்குள் சாதியில்லை’ என்று மேடையில் சொல்வதும் மூன்றாம் பத்தியும் கடைசியில் ஒரே வாக்கியத்தில் போய்ச் சேர்கின்றன. கிறிஸ்துவுக்குள் சாதி இருக்கக்கூடாது என்பது நியாயம். 2015 ஜூனில் திருச்செங்கோட்டிலிருந்து கடத்தப்பட்டு, பள்ளிபாளையம் பக்கத்து ரயில் பாதையில் பிணமாகக் கிடந்த ஓமலூர் கோகுல்ராஜின் மண்ணில் ‘சாதியில்லை’ என்பதைச் செய்தியாகச் சொல்லுகிற துணிச்சல் எப்படி வருகிறது?

மேசையின் வரலாறு இன்னொரு பக்கமும் உண்டு என்பதை மறுக்கவில்லை. 1800 டிசம்பரில் வங்காளத்துச் செராம்பூரில் பாப்டிஸ்ட் மிஷன் கிருஷ்ண பால் என்ற தச்சருக்கு ஹூக்ளி ஆற்றில் முழுக்கு கொடுத்தபோது, அதற்குமுன் அவர் செய்த முதல் காரியம் மிஷனரிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டதுதான். தஞ்சாவூரில் லுத்தரன் வழிவந்தவர்கள் சாதிக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெருங்கவிஞரே அந்த ஆசாரத்துக்காக வாதாடினார். பந்தியில் சாதியை உடைப்பது செராம்பூர் பாப்டிஸ்டுகளுக்குத் தொடக்க நிபந்தனையாக இருந்தது. டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்த ஊர்களில் ஒரே கிண்ணம் கை மாறியது எத்தனை பெரிய அரசியல் என்பதை நம்முடைய பகுத்தறிவு நண்பர்கள் கணக்கில் எடுப்பதில்லை. (பிளாஸ்டிக் கப் வந்து இரட்டைக் குவளையை மறைத்தது, காகிதக் கப் வந்து இன்னும் சுத்தமாக மறைத்தது. சுகாதாரம் என்ற பேரில் சபைகளிலும் ஆளுக்கொரு குட்டிக் கண்ணாடிக் கப் வருகிறது. மூன்றையும் சேர்த்து யாராவது ஆராய்ச்சி செய்யலாம்.)

ஆக, சாதியை உடைத்த அதே மேசை, சாதியின் சட்ட விளைவைத் தாங்கி நிற்பவனை வெளியே நிறுத்துகிறது. இதற்குத் தீர்வு டெல்லியிலிருந்துதான் வரவேண்டும் என்று காத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மூன்றாம் பத்திக்கு எதிரான போராட்டம் நடக்கவேண்டும், நடக்கிறது. ஆனால் மேசையின் சாவி டெல்லியில் இல்லை. பாப்டிஸ்ட் முறையில் பிஷப் கிடையாது, சினாடு கிடையாது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோதும் இவர்கள் சேரவில்லை. ஒவ்வொரு சபையும் தன்னளவில் முழு அதிகாரம் கொண்டது. அங்கத்தினர் கூட்டத்தில் கை தூக்கித் தீர்மானித்தால் தீர்மானம். பஞ்சாயத்துத் திண்ணையில் உட்கார இடமில்லாதவர்களுக்கு வெள்ளைக்காரன் கொடுத்துவிட்டுப்போனவற்றில் மிகவும் ஆபத்தான பொருள் இந்தக் கை தூக்கும் உரிமைதான். போதகரைத் தேர்ந்தெடுக்கவும், பந்தலுக்குக் காசு ஒதுக்கவும் அதைப் பயன்படுத்துகிறார்கள். மேசையைத் திறக்கப் பயன்படுத்தினதாகத் தெரியவில்லை.

‘ஐயையோ, உபதேசம் போய்விடும்’ என்பவர்களுக்கு ஒரு தகவல். தமிழ்ப் புராட்டஸ்தாந்து வீடுகளில் வேதத்துக்கு அடுத்து மதிக்கப்படும் ‘மோட்சப் பிரயாண’த்தை எழுதிய ஜான் பன்யன், முழுக்கு பற்றிய கருத்து வேற்றுமை பந்திக்குத் தடையாகக்கூடாது என்று 1673இல் தனி நூலே எழுதினார். அதற்காகச் சகபாப்டிஸ்டுகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். திறந்த மேசை என்பது பாப்டிஸ்ட் மரபுக்குள்ளேயே முன்னூற்றைம்பது வருஷம் பழைய குரல். நம் மலைக்கு வந்து சேர்ந்தது அதன் மறுதரப்பு. அது ஒரு தற்செயல், தேவகட்டளை அல்ல.

இன்னும் கிட்டத்திலிருந்தும் ஒரு குரல் உண்டு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, நம்மில் பலருக்குப் ‘பரட்டை’, ‘ஒரே உலை’ என்ற கருத்தை முன்வைத்தார். திருவிருந்து என்பது எல்லார் அரிசியும் ஒரே பானையில் வேகிற சோறு என்பது அதன் பொருள். ஊர்ச் சாவுக்கும் சாமிக்கும் பறை அடிக்கமாட்டோம் என்று விட்டு வந்தவர்கள் பறையையே பாவமென்று ஒதுக்கியிருந்தபோது, அதே பறையை ஆராதனைக்குள் கொண்டுவந்தவரும் அவரே. 2005இல் இறந்துபோனார். அவர் தேடிய உலை இந்தச் சபைகளில் ஏற்கெனவே கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஈஸ்டர் மதியம் பிடி அரிசியில் பொங்கின சோற்றின்முன் அங்கத்தினரும் சபைக்கு வருகிறவரும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். காலையில் மேசையில் இல்லாத சமத்துவம் மதியம் பாயில் இருக்கிறது. எது திருவிருந்து என்று பாயில் உட்கார்ந்திருக்கிற கிழவியைக் கேட்டால் சொல்லிவிடுவாள். இறையியல் படித்தவர்களுக்குத்தான் நேரமாகிறது.

கடைசியாக, எழுதுகிறவர்களுக்கு ஒரு வேலை. பாப்டிஸ்ட் முறைப்படி ஒவ்வொரு சபையும் அங்கத்தினர் பட்டியலும் கூட்டக் குறிப்பேடும் வைத்திருக்கவேண்டும். யார் எந்தத் தேதியில் சாட்சி சொன்னார், யார் முழுக்குக்கு ஏற்கப்பட்டார், யார் ஏன் விலக்கப்பட்டார் என்பதெல்லாம் அதில் இருக்கும். பூசாரி கதையில் பேரில்லாமல் போனவர்களின் பேர் எங்காவது இருந்தால் அங்கேதான் இருக்கும். பீரோவிலும் டிரங்குப் பெட்டியிலும் கிடக்கிற இந்த நோட்டுகளைக் கறையான் தின்பதற்குமுன் பார்த்துப் படியெடுக்கிற வேலையை யாராவது தொடங்கவேண்டும். 1950க்குமுன் ஒரு நோட்டு, பின் ஒரு நோட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முழுக்கு எண்ணிக்கையை எண்ணிப் பார்த்தாலே பாதிக் கட்டுரை முடிந்துவிடும்.